மடிப்பு முகாம் வண்டி

மடிப்பு முகாம் வண்டி என்பது மகிழுந்து போன்ற ஓர் ஊர்தியின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்பட்டு, தங்குமிடத்தை அடைந்தபின் விரித்து உறைவிடமாகப் பயன்படுத்தப்படும் சிறிய டிரெய்லர் ஆகும். பயணத்தின்போது இது தாழ்வான ஒரு பெட்டியைப் போல் மடிந்திருக்கும். நிறுத்திய இடத்தில் கூரையை உயர்த்தி, படுக்கைப் பலகைகளை வெளியே இழுத்தால் கித்தான் சுவர்களைக் கொண்ட ஓர் அறை உருவாகும். கூடாரத்தின் குறைந்த எடையையும், சக்கர வீட்டின் வசதிகளில் ஒரு பகுதியையும் ஒருங்கே தருவதே இதன் நோக்கம்.

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இது பாப்-அப் கேம்பர் அல்லது டென்ட் டிரெய்லர் எனப்படுகின்றது. ஐக்கிய இராச்சியத்தில் ஃபோல்டிங் கேம்பர் என்பர். ஆஸ்திரேலியாவில் கேம்பர் டிரெய்லர் என்ற பெயர் பெருவழக்கு. தமிழ்த் திரைப்படப் படப்பிடிப்புகளில் நடிகர்கள் ஓய்வெடுக்கப் பயன்படும் 'கேரவன்' எனப்படும் ஊர்தி எஞ்சினுடன் கூடிய பெரிய வண்டியாகும். மடிப்பு முகாம் வண்டிக்கு எஞ்சின் கிடையாது. ஆகவே அதன் எடை, நீளம், உயரம் ஆகிய மூன்றும் அதை இழுக்கும் ஊர்தியின் திறனுக்கு உட்பட்டே அமைய வேண்டும்.

== வரலாறு ==

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகிழுந்துகள் பரவலானபோது, அவற்றில் தொலைதூரம் சென்று திறந்தவெளியில் தங்கும் வழக்கம் வட அமெரிக்காவில் தோன்றியது. கூடாரத்தையும் படுக்கையையும் சிறு டிரெய்லர் ஒன்றில் மடித்துக் கட்டி இழுத்துச் செல்லும் வண்டிகள் 1920களுக்குள் விற்பனைக்கு வந்துவிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடுஞ்சாலைகளும் குடும்பச் சுற்றுலாவும் வளர்ந்ததால் இவற்றின் தேவை மிகுந்தது.

1968 இல் லாயிட் பான்டிரேகர் என்பவர் இண்டியானா மாநிலத்தின் மிடில்பரி என்னும் ஊரில் ஜேக்கோ நிறுவனத்தைத் தொடங்கினார். தமது பண்ணையின் கோழிக் கொட்டகைகளையும் களஞ்சியத்தையும் அவர் பட்டறையாக மாற்றினார். கூரையை எளிதில் உயர்த்துவதற்கென அவர் வடிவமைத்த தூக்கும் அமைப்பே அந்நிறுவனத்தின் தொடக்க கால வெற்றிக்கு அடிப்படையாக அமைந்தது. முகாம் விளக்குகளாலும் அடுப்புகளாலும் பெயர்பெற்ற கோல்மன் நிறுவனமும் 1960களில் இத்துறையில் நுழைந்தது. அதன் மடிப்பு வண்டிப் பிரிவை 1989 இல் ஃபிளீட்வுட் நிறுவனம் வாங்கியது. ஃபிளீட்வுட் 2009 இல் திவால் பாதுகாப்பு கோரியது.

ஐரோப்பாவில் மகிழுந்துகள் சிறியனவாக இருந்ததால் குறைந்த எடைக்கு முதன்மை கிடைத்தது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் கேம்ப்டூரிஸ்ட் வண்டியாகும். 'கிளாப்ஃபிக்ஸ்' என்ற செல்லப் பெயரால் அறியப்பட்ட இவ்வண்டி ஓல்பெர்ன்ஹாவ் நகரில் உற்பத்தி செய்யப்பட்டது. 26 குதிரைத் திறன் மட்டுமே கொண்ட டிரபான்ட் 601 மகிழுந்துகளும் இதை இழுத்துச் சென்றன.

== அமைப்பு ==

வண்டியின் அடித்தளம் எஃகுச் சட்டம் ஆகும். பெரும்பாலான வண்டிகளுக்கு ஓர் அச்சும் இரண்டு சக்கரங்களும் மட்டுமே உண்டு. சட்டத்தின் முன்பகுதி குறுகி நீண்டு, நுனியில் இணைப்புக் கிண்ணத்துடன் முடிகின்றது. இக்கிண்ணம் இழுக்கும் ஊர்தியின் பின்புறத்தில் உள்ள இணைப்புக் குண்டின் மீது பொருந்தும். ஐரோப்பாவில் இக்குண்டின் விட்டம் 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் வழக்கில் உள்ளன. சிறு வண்டிகளில் 47.6 மில்லிமீட்டர், 50.8 மில்லிமீட்டர் ஆகிய இரண்டும் காணப்படும். குண்டும் கிண்ணமும் ஒரே அளவினதாக இல்லாவிடில் ஓட்டத்தில் வண்டி கழன்றுவிடக்கூடும்.

பெட்டி வகை வண்டியில் கூரையின் நான்கு மூலைகளிலும் உள்நுழைந்து நீளும் தூண்கள் இருக்கும். கைப்பிடியைச் சுழற்றினால் கம்பி வடங்கள் கப்பிகளின் வழியாக இழுக்கப்பட்டு நான்கு தூண்களும் ஒரே சீராக உயரும். சில வண்டிகளில் இப்பணியை மின்னோடி செய்கின்றது. கூரை உயர்ந்தபின் படுக்கைப் பலகைகள் முன்னும் பின்னும் வெளியே இழுக்கப்பட்டுத் தாங்கு கம்பிகளால் முட்டுக் கொடுக்கப்படும். உள்ளே சிறு அடுப்பு, கைகழுவும் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட்டு மின்கலம் ஆகியவை இருக்கலாம்.

== வகைகள் ==

* '''டிரெய்லர் கூடாரம்:''' இதில் டிரெய்லரின் மேல் மடித்து வைக்கப்பட்ட கூடாரம் பக்கவாட்டில் விரியும். எடை மிகக் குறைவு, விலையும் குறைவு. ஆனால் விரித்துக் கட்டக் கூடுதல் நேரம் தேவை.
* '''பெட்டி வகை:''' மேலே விவரிக்கப்பட்ட கித்தான் சுவர் வண்டி. மடித்த நிலையில் சிறியதாக இருந்தாலும் விரித்தபின் நான்கு முதல் ஆறு பேர் வரை உறங்கலாம். குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு ஏற்றது.
* '''முக்கோணக் கூரை வகை:''' இரண்டு கடினப் பலகைகள் உயர்ந்து கூரையாகவும், இரு பக்கப் பலகைகள் நிமிர்ந்து சுவராகவும் அமையும். கித்தான் ஏறத்தாழ இல்லை. ஒருவரே சில நிமிடங்களில் விரித்துவிடலாம். நடுவில் மட்டுமே நிமிர்ந்து நிற்க முடியும். இருவருக்கு வசதியானது. 1980களில் சந்தைக்கு வந்த ஏ-லைனர் இவ்வகையில் நன்கு அறியப்பட்டது.
* '''மேற்பாதி உயரும் வகை:''' கடினச் சுவர்களைக் கொண்ட மேற்பாதி, கீழ்ப்பாதியின் மேல் இறங்கி மூடிக்கொள்ளும். அமெரிக்காவின் ஹை-லோ, டிரெயில்மேனர் ஆகியவை இக்கருத்தைப் பின்பற்றியவை. வசதி மிகுதி. எடையும் மிகுதி.
* '''மோட்டார் சைக்கிள் வகை:''' மோட்டார் சைக்கிளால் இழுக்கத்தக்க மிகச் சிறிய வண்டி. பெரும்பாலும் படுக்கை ஒன்று மட்டுமே கொண்டது.

== எடைக் கணக்கு ==

சிறு மகிழுந்துக்கேற்ற வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் மிக முதன்மையானது எடைக் கணக்காகும். இதில் பயன்படும் அளவுகள் பின்வருமாறு:

* '''வெற்று எடை:''' தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது வண்டியின் எடை. விற்பனைத் தாள்களில் பெரிய எழுத்தில் காணப்படுவது பெரும்பாலும் இதுவே. மின்கலம், எரிவளி உருளை, வாங்குபவர் விரும்பிச் சேர்க்கும் கருவிகள் ஆகியவை இதில் அடங்காமல் இருக்கலாம்.
* '''மொத்த எடை வரம்பு:''' சுமையுடன் சேர்த்து வண்டி அடையக்கூடிய உச்ச எடை. சட்டம், அச்சு, டயர் ஆகியவற்றின் வலிமையைப் பொறுத்தது.
* '''முனை எடை:''' இணைப்புக் குண்டின் மீது வண்டியின் முன்முனை கீழ்நோக்கி அழுத்தும் எடை.
* '''இழுவை வரம்பு:''' மகிழுந்து இழுக்கக்கூடிய உச்ச எடை.
* '''ஊர்தியின் சுமை வரம்பு:''' மகிழுந்தின் உள்ளே ஏற்றத்தக்க எடை. பயணிகள், பைகள் ஆகியவற்றுடன் முனை எடையும் இதில் சேரும்.
* '''கூட்டு எடை வரம்பு:''' மகிழுந்தும் வண்டியும் சேர்ந்து அடையக்கூடிய உச்ச எடை.

=== எடுத்துக்காட்டு ===

ஒரு மகிழுந்தின் இழுவை வரம்பு 907 கிலோகிராம் எனவும், முனை எடை வரம்பு 91 கிலோகிராம் எனவும், சுமை வரம்பு 400 கிலோகிராம் எனவும் கொள்வோம். முதல் இரண்டும் அமெரிக்காவில் முதல் வகுப்பு இணைப்புக் கருவிகளுக்கு உரிய அளவுகளாகும். வாங்கக் கருதும் பெட்டி வகை வண்டியின் வெற்று எடை 650 கிலோகிராம், மொத்த எடை வரம்பு 900 கிலோகிராம் என்க. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் நன்கு பொருந்துவதாகவே தோன்றும்.

இனி வண்டியில் ஏறும் பொருட்களைக் கணக்கிடலாம். குளிர்சாதனக் கருவி 40, மின்கலம் 22, நிரம்பிய புரோப்பேன் உருளை 17, வெளிப்பந்தல் 15, தண்ணீர் 75 இலீட்டர் எனில் 75, படுக்கை, பாத்திரம், உணவு ஆகியன 70 கிலோகிராம். கூட்டுத்தொகை 239 கிலோகிராம். வண்டியின் எடை இப்போது 889 கிலோகிராம் ஆகின்றது. வண்டியின் வரம்பை எட்ட 11 கிலோகிராமே எஞ்சியுள்ளது.

முனை எடை மொத்த எடையில் 12 விழுக்காடு எனக் கொண்டால் அது 107 கிலோகிராம் ஆகும். இது 91 கிலோகிராம் வரம்பைக் கடந்துவிட்டது. மகிழுந்தில் நான்கு பேர் 280 கிலோகிராம், பைகள் 40 கிலோகிராம் எனில், முனை எடையுடன் சேர்த்து 427 கிலோகிராம் ஆகின்றது. இது சுமை வரம்பையும் கடந்துவிட்டது. இழுவை வரம்பை மட்டும் பார்த்து வாங்கியவர் தாம் பாதுகாப்பாக இருப்பதாகவே எண்ணுவார். உண்மையில் முதலில் மீறப்படும் வரம்புகள் முனை எடையும் ஊர்தியின் சுமையுமே.

தண்ணீரை முகாமில் நிரப்பிக்கொள்வது என முடிவு செய்தால் வண்டி 814 கிலோகிராமாகக் குறையும். தொட்டி அச்சுக்கு அருகில் அமைந்திருந்தால் விழுக்காடு பெரிதாக மாறாது. சுமையைச் சீராக அடுக்கி முனை எடையை 10.5 விழுக்காட்டில் வைத்தால் அது ஏறத்தாழ 85 கிலோகிராம். பைகளில் 20 கிலோகிராமை வீட்டிலேயே விட்டுவிட்டால் மகிழுந்தின் சுமை 385 கிலோகிராம் ஆகும். இப்போது எல்லா வரம்புகளுக்குள்ளும் பயணம் அமைகின்றது. ஆயினும் இடைவெளி குறைவே. குளிர்சாதனம் இல்லாத வண்டியையோ இன்னும் சிறிய வண்டியையோ தேர்ந்தெடுப்பது இக்குடும்பத்துக்கு மேலும் பொருத்தமாகும்.

கணக்கை உறுதிசெய்ய, முழுச் சுமையுடன் வண்டியை எடை மேடையில் நிறுத்தி நிறுத்துப் பார்ப்பதே சரியான வழி. சிறு வண்டிகளின் முனை எடையை, உடல் எடை பார்க்கும் தராசின் மீது மரக்கட்டை ஒன்றை நிறுத்தி, அதன் மேல் இணைப்பு முனையைக் கிடைமட்டமாக இறக்கி அளக்கலாம். தராசின் உச்ச அளவை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

== ஊசலாட்டம் ==

முனை எடை வரம்பைக் கடந்தால், சுமையை வண்டியின் பின்பகுதிக்கு மாற்றி அதைக் குறைத்துவிடலாம் என்ற எண்ணம் எளிதில் தோன்றும். இது ஆபத்தானது. பின்புறச் சுமை மிகும்போது வண்டியின் ஈர்ப்பு மையம் அச்சுக்குப் பின்னால் நகர்கின்றது. அப்போது காற்றின் ஒரு வீச்சோ, பெரிய சரக்குந்து ஒன்று கடந்து செல்வதோ வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டத் தொடங்கும். குறைந்த வேகத்தில் இவ்வாட்டம் தானாக அடங்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, இறுதியில் வண்டி மகிழுந்தையும் சேர்த்துக் கவிழ்க்கக்கூடும்.

இதனாலேயே அமெரிக்காவில் முனை எடை மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என அறிவுறுத்தப்படுகின்றது. ஐரோப்பாவில் இழுவை வேகம் குறைவாக வரையறுக்கப்பட்டிருப்பதால் இதைவிடக் குறைந்த விழுக்காடு ஏற்கப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, ஐக்கிய இராச்சியத்தில் வழங்கும் பரிந்துரை 5 முதல் 7 விழுக்காடு. ஒரே மகிழுந்துக்கு இரு கண்டங்களிலும் வெவ்வேறு இழுவை வரம்புகள் தரப்படுவதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் ஆகும். ஆகவே வேறு நாட்டுக் கையேட்டின் எண்களை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஊசலாட்டம் தொடங்கினால் ஓட்டுநர் வேக மிதியிலிருந்து காலை எடுத்து, திசைமாற்றியை நேராகப் பிடிக்க வேண்டும். வண்டியின் பிரேக்கைத் தனியே இயக்கும் கருவி இருந்தால் அதை மட்டும் மெல்ல இயக்கலாம். மகிழுந்தின் பிரேக்கைக் கடுமையாக அழுத்துவதும், ஆட்டத்துக்கு எதிராகத் திசைமாற்றியைத் திருப்புவதும் நிலைமையை மோசமாக்கும்.

== பிரேக், காற்றுத்தடை, மலைப்பாதை ==

1,500 கிலோகிராம் எடையுள்ள மகிழுந்து 814 கிலோகிராம் வண்டியை இழுத்தால், அதே வேகத்தில் மொத்த இயக்க ஆற்றல் 54 விழுக்காடு மிகுகின்றது. வண்டிக்குத் தனி பிரேக் இல்லாவிடில் இவ்வளவையும் மகிழுந்தின் பிரேக்கே தாங்க வேண்டும். மலையிறக்கங்களில் பிரேக் சூடேறிச் செயலிழக்கும் இடர் இதனால் மிகுகின்றது. ஆகவே சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் வண்டியில் பிரேக் இருப்பது நன்று.

காற்றுத்தடை விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கின்றது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்டினால் அவ்விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகும். மடிப்பு வண்டியின் தனிச்சிறப்பு இங்கே வெளிப்படுகின்றது. மடித்த நிலையில் அது பெருமளவு மகிழுந்தின் நிழலிலேயே மறைந்து வருவதால், அதே எடையுள்ள உயரமான வண்டியைவிட எரிபொருள் செலவு குறைகின்றது. பின்னால் வரும் ஊர்திகளும் கண்ணாடியில் தெரியும்.

உயரமான மலைப் பகுதிகளில் காற்றின் அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத எஞ்சின்கள் 300 மீட்டருக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு திறனை இழக்கின்றன. சமவெளியில் இலகுவாக இழுக்கப்படும் வண்டி மலையில் தடுமாறுவதற்கு இது காரணம்.

== சட்ட வரம்புகள் ==

* ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்த எடை வரம்பு 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்குப் பிரேக் கட்டாயம். பி வகை ஓட்டுநர் உரிமம் உள்ளவர் 750 கிலோகிராம் வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். அதற்கு மேற்பட்டதாயின் கூட்டு எடை 3,500 கிலோகிராமைத் தாண்டக் கூடாது.
* பிரித்தானியாவில் 2021 டிசம்பர் 16 முதல் பி வகை உரிமம் உள்ளவர்கள் தனித் தேர்வு இன்றி 3,500 கிலோகிராம் வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். இழுவையின்போது வேக வரம்பு விரைவுச்சாலைகளில் மணிக்கு 60 மைல், பிரிக்கப்படாத சாலைகளில் மணிக்கு 50 மைல்.
* ஆஸ்திரேலியாவில் சக்கரங்களின் மீதான எடை 750 கிலோகிராமைத் தாண்டினால் பிரேக் தேவை.
* ஐக்கிய அமெரிக்காவில் பிரேக் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பல மாநிலங்களில் 3,000 பவுண்டு எல்லையாக உள்ளது. கலிபோர்னியாவில் இது 1,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 680 கிலோகிராம் ஆகும்.

== தங்குமிடக் கட்டுப்பாடுகள் ==

கரடிகள் நடமாடும் பகுதிகளில் கித்தான் சுவர் வண்டிகளுக்குத் தடை இருக்கலாம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கடினச் சுவர் கொண்ட வண்டிகள் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. கனடாவின் லேக் லூயிஸ் முகாமில் கூடாரங்களுக்கும் கித்தான் வண்டிகளுக்குமான பகுதியைச் சுற்றி மின்வேலி அமைக்கப்பட்டுள்ளது. இத்தகைய இடங்களுக்கு அடிக்கடி செல்பவர்கள் முக்கோணக் கூரை வகையைக் கருதலாம்.

== பழைய வண்டியை வாங்குதல் ==

பழைய வண்டியைப் பார்க்கச் செல்பவர் அதை முழுமையாக விரித்துக் காட்டுமாறு கேட்க வேண்டும். மடித்த நிலையில் ஒரு வண்டியை மதிப்பிட இயலாது. கவனிக்க வேண்டியவை:

* '''கூரையும் தளமும்:''' மூலைகளிலும் ஓரங்களிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். மென்மையாக அமுங்கினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது எனப் பொருள். நீர்க்கசிவால் உளுத்த தளத்தைச் சீர்செய்யும் செலவு வண்டியின் விலையையே எட்டக்கூடும்.
* '''தூக்கும் அமைப்பு:''' நான்கு மூலைகளும் ஒரே சீராக உயர வேண்டும். கம்பி வடத்தில் இழைகள் பிரிந்திருக்கக் கூடாது.
* '''கித்தான்:''' பூஞ்சண வாடை, தையல் பிரிவு, சிறு துளைகள் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்குக் கித்தானைத் தனியே தைத்து வாங்க நேரிடும்.
* '''டயர்:''' டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே முதுமையால் கெடுகின்றன. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம்.
* '''எடைத் தகடு:''' மொத்த எடை வரம்பு பொறிக்கப்பட்ட தகடு இல்லாத வண்டியை வாங்காமல் இருப்பதே நன்று.

== பராமரிப்பும் பாதுகாப்பும் ==

மழையில் மடிக்க நேர்ந்தால் ஓரிரு நாட்களுக்குள் மீண்டும் விரித்துக் கித்தானை முழுமையாக உலர்த்த வேண்டும். இல்லாவிடில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வீட்டில் விரித்து வைக்க இடம் இல்லாதவர்கள் இதனை வாங்குமுன் கருத வேண்டும்.

அடுப்பை அறைச் சூடேற்றியாகப் பயன்படுத்தக் கூடாது. முழுமையாக எரியாத எரிவளியிலிருந்து தோன்றும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. உறங்குபவர்கள் அறியாமலேயே இறக்கக்கூடும். கித்தான் சுவர்களின் வழியே போதிய காற்றோட்டம் கிடைக்கும் என்று நம்புவது தவறு. குளிர் இரவில் அச்சாளரங்கள் மூடப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு உணர்கருவி இன்றியமையாதது. புரோப்பேன் காற்றைவிடக் கனமானதால் கசிந்தால் தளத்தில் தேங்கும். எனவே அதற்கான உணர்கருவி தளத்துக்கு அருகில் பொருத்தப்படுகின்றது.

== இவற்றையும் பார்க்க ==

* கூடாரம்
* மகிழுந்து
* ஈர்ப்பு மையம்
* இயக்க ஆற்றல்
* யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா